ஜூரோங் பாதி, தெம்பனிஸ் பாதி

பழைய வரைபடமும் அச்சுப்படமும் விற்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் முதலில் என் அனுதாபங்கள். வாழ்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் அனுதாபமா என்று முகம் சுளிக்க வேண்டாம். ஒரு வருடம் கடையில் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

கடையை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் காலை நீட்டி உட்காரலாம் என்று நினைத்தேன். விட்டீர்களா? "உங்க அனுபவத்தைக் கொஞ்சம் எழுதிக் குடுங்கம்மா, எங்களுக்கு யூஸ்ஃபுல்லா இருக்கும்" என்றீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள், அனுபவியுங்கள்.

செப்புத்தகட்டில் அச்சடித்ததா, கல்லில் அச்சடித்ததா, வண்ணம் அப்போதே தீட்டியதா, போன மாதம் எவனோ தீட்டியதா என்பதெல்லாம் இதில் வராது. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சான்றிதழ் வேறு வைத்திருக்கிறீர்கள், மாட்டுவதற்குத்தான் கடையில் சுவர் போதவில்லை. காகிதத்தைப் பற்றி எனக்குக் கவலையே கிடையாது. அது சும்மா கிடக்கும். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியேறி வருகிறார்களே மனிதர்கள், அவர்களைச் சமாளிப்பதைப் பற்றி எந்த வகுப்பிலும் சொல்லித் தர மாட்டார்கள்.

புது கொண்டோமினியத்துக்குக் குடிபோகிறவர்கள் வருவார்கள். "எங்க சோபா சாம்பல் கலர், அதுக்கு மேட்ச்சா பழைய மேப் இருக்கா? கடல் ரொம்ப நீலமா இருக்கக் கூடாது" என்பார்கள். கடலிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வெளியே சிரிக்க வேண்டும்.

இன்னொருவர் சிராங்கூன் சாலையில் உணவகம் திறந்தார். என்னிடம் தாடி வைத்த ஒரு வியாபாரியின் பழைய அச்சுப்படத்தை வாங்கிக்கொண்டு, "இவர் எங்க கொள்ளுத்தாத்தான்னு ஒரு சர்டிபிகேட் எழுதிக் குடுங்க" என்றார். "அவர் சம்மதிச்சா எனக்கு ஆட்சேபணை இல்லீங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. சர்டிபிகேட் இல்லாமலேயே கொண்டுபோய் மாட்டிவிட்டார். பிற்பாடு ஒரு நாள் சாப்பிடப் போனேன். கல்லாவுக்கு மேலே கொள்ளுத்தாத்தா தொங்குகிறார். சந்தனம், குங்குமம், கதம்ப மாலை, ஊதுபத்தி எல்லாம் ஆகியிருக்கிறது. படத்தில் இருக்கும் மனிதர் தொப்பி போட்ட மரக்காயர், எங்கள் நாகூர்ப் பக்கத்து ஆள். பாவம், குங்குமத்தோடு எவ்வளவு பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்! நான் ஒன்றும் சொல்லாமல் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பிரியாணி நன்றாகத்தான் இருந்தது.

எனக்குத் தொழில் சொல்லித் தந்த முதலாளியைப் பற்றிச் சிலர் கேட்டீர்கள். பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். அந்த மனிதர் எனக்குச் சொல்லித் தந்தது மொத்தம் இரண்டு வார்த்தை: "பார்த்துச் சொல்றேன்." யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். அசல் என்று சொன்னால் விலை கேட்பார்கள். நகல் என்று சொன்னால் சட்டையைப் பிடிப்பார்கள். பார்த்துச் சொல்றேன் என்றால் வீட்டுக்குப் போவார்கள். போய் யோசிப்பார்கள், பாதிப் பேர் திரும்ப வர மாட்டார்கள். அவர் அந்த இரண்டு வார்த்தையை வைத்தே ஆயுள் முழுக்க ஓட்டிவிட்டார். நானும் ரொம்ப காலம் ஓட்டினேன். ஒரே ஒரு தடவைதான் அது கைகொடுக்கவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

நம் கடை ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடி என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் படிக்கட்டும் தெரியும், முழங்கால் தேயத் தேய ஏறுகிறீர்களே. ஒரு மத்தியானம் ஒரு பெண் மூச்சு வாங்க ஏறி வந்தாள். பெயர் காயத்ரி. கழுத்தில் அலுவலக அட்டை தொங்குகிறது.

"ஆன்ட்டி, பழைய மேப் எல்லாம் வாங்குவீங்களா?"

"வாங்குவேன். மேப் எங்கம்மா?"

"மேப் ஜூரோங்ல இருக்கு. பிரச்சினை தெம்பனிஸ்ல இருக்கு."

அடடே, விஷயமுள்ள பெண்ணாக இருக்கிறாளே என்று உட்காரச் சொன்னேன்.

அவளுடைய அம்மாவைப் பெற்ற தாத்தா கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். ஓய்வு பெற்ற அன்று மேலதிகாரி அவருக்குச் சிங்கப்பூர்த் தீவின் பழைய வரைபடம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். தாத்தா அதை வீட்டுக்கூடத்தில் மாட்டி, வருகிற போகிறவர்களையெல்லாம் பிடித்து நிறுத்தி, "வெள்ளைக்காரன் காலத்து அசல். உலகத்துலயே நாலஞ்சுதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். மகனிடம், "எனக்கப்புறம் இது உனக்குத்தான்டா" என்றிருக்கிறார். மகளிடமும் அதையே சொல்லியிருக்கிறார். இரண்டு பிள்ளை பெற்ற அப்பாக்கள் வழக்கமாகச் செய்கிற காரியம்தான். சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கருமாதி அன்று மகள் அடுக்களையில் பந்திக்குப் பரிமாறிக்கொண்டிருந்தபோது, மகன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போய்விட்டார். மகள் போன் போட்டு "திருடன்" என்று சொல்லிவிட்டார். "அந்த வார்த்தையைத் திரும்ப வாங்குற வரைக்கும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றார் அண்ணன். "படம் வராம நீ வரவே வேண்டாம்" என்றார் தங்கை. அதோடு சரி. வருடக்கணக்காகப் பேச்சில்லை. அண்ணன் வீடு தீவின் மேற்கே ஜூரோங்கில், தங்கை வீடு கிழக்கே தெம்பனிஸில். ஒரே பச்சை ரயில் பாதை. ஏறி உட்கார்ந்தால் வண்டி மாறக்கூட வேண்டாம்.

"எனக்கு அடுத்த வாரம் கல்யாணம், ஆன்ட்டி" என்றாள் காயத்ரி. "மாமா இல்லாம நான் எப்படி மணவறையில உக்காருறது? ஸ்கூல் டேஸ்ல டெய்லி என்னைக் கொண்டுபோய் விட்டது அவருதான். அவருதான் மாலை போட்டுக் கூட்டிட்டுப் போகணும். அம்மா வெளியில வீராப்பா பேசுறாங்க, பாத்ரூம்ல போய் டேப்பைத் திறந்துவிட்டு அழறாங்க. ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா பேசிட்டேன். மேப்பை வித்துடலாம், ஆளுக்குப் பாதி, மேட்டர் க்ளோஸ். ரெண்டு பேரும் ஓகே சொல்லிட்டாங்க. நீங்க ஒரு நல்ல விலை சொன்னாப் போதும் லா."

"கொண்டு வாங்க. பார்த்துச் சொல்றேன்."

"சின்ன வயசுல சைக்கிள் கேட்டப்போ எங்கம்மாவும் இதேதான் சொன்னாங்க, ஆன்ட்டி. இன்னும் சைக்கிள் வரல."

சனிக்கிழமை வந்தார்கள். முதலில் காயத்ரியும் அவள் அம்மா மல்லிகாவும் வந்தார்கள். மல்லிகா நல்ல பட்டுப்புடவையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பின்னாலேயே அண்ணன் குணசேகரன் வந்தார். கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாட்டசாட்டமான ஆள். பெரிய பிளாஸ்டிக் பையைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்து எதிர்ச்சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நடுவில் நான். நான் இரண்டு சுவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவங்க எனக்கு மொதல்ல காட்டுவாங்களா, கடைக்காரம்மாவுக்கு மொதல்ல காட்டுவாங்களான்னு கேளு" என்றார் மல்லிகா, மகளிடம்.

"கடைக்காரம்மாவுக்குத்தான் மொதல்ல காட்டணும்னு சொல்லு" என்றார் அண்ணன், அதே பெண்ணிடம்.

பையிலிருந்து படம் வெளியே வந்தது. மனிதர் அதை லேமினேட் செய்திருந்தார்!

நம் சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஒரு காகிதத்தின் மேல் பாசம் வந்துவிட்டால் போதும், நேரே லேமினேட் கடைக்குத்தான். பிறந்த சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், சாமி படம், வாஷிங் மெஷின் வாரண்டி எதுவும் தப்பாது. பாசம் ஜாஸ்தி என்றால் பிளாஸ்டிக்கும் கனம் ஜாஸ்தி. குணசேகரனுக்கு அப்பா மேல் ரொம்பப் பாசம். தட்டினால் டொக் டொக் என்றது. பழைய காகிதத்தைச் சூட்டில் வைத்து பிளாஸ்டிக்கோடு ஒட்டினால் அதைப் பிரிக்கப் படைத்தவனாலும் முடியாது. நம் தொழிலில் அதற்குக் கொலை என்று பெயர்.

மல்லிகாவும் அப்போதுதான் பார்க்கிறார். "அய்யய்யோ! எங்கப்பா படத்தை என்ன பண்ணி வச்சிருக்கான் பாருங்க! ஐசி கார்டு மாதிரி பண்ணிட்டானே பாவி!"

"இந்த ஊரு ஈரத்துல பூஞ்சை பிடிக்குமா பிடிக்காதா, கேளு! இத்தனை வருஷமா யாரு பார்த்துக்கிட்டா? நான்தானே! பத்திரமா இருக்கட்டும்னுதானே லேமினேட் பண்ணேன்!"

அவர்கள் சண்டையில் எனக்குக் கவனமில்லை. ஏனென்றால் அந்த வரைபடம் எனக்கு ரொம்பப் பழக்கமான ஆள். கப்பல் கம்பெனி ஒன்று ஒரு காலத்தில் வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் கொடுப்பதற்காக ஒரு பழைய வரைபடத்தைப் படம் எடுத்து, கட்டுக்கட்டாக அச்சடித்து வைத்திருந்தது. தேக்கா பக்கம் பழைய சாமான் விற்பவர்களிடம் எப்போதும் ஒன்றிரண்டு கிடக்கும். அதில் ஒன்று நம் கடைக் கழிப்பறையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. சுவரில் ஈரம் படிந்த இடத்தை மறைக்க நான்தான் மாட்டினேன்.

இருந்தாலும், நகல் என்று ஒன்று இருந்தால் அசல் என்று ஒன்று இருந்திருக்கத்தானே வேண்டும்? அந்த அசல் இதுவாகவே இருக்கட்டும் அல்லாவே என்று வேண்டிக்கொண்டு லென்ஸை எடுத்தேன்.

புள்ளி. எல்லாம் புள்ளி. எழுத்து, கடல், மலை எல்லாமே பத்திரிகைப் படம் மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. பழைய வரைபடங்களுக்கு நடுவில் ஒரு மடிப்பு இருக்கும், இதிலும் இருந்தது. அந்த மடிப்பும் புள்ளி. அதாவது மடிப்பையும் சேர்த்து அச்சடித்திருக்கிறான் படுபாவி.

"நல்லா பாருங்கம்மா" என்று குணசேகரன் என் தோளுக்கு மேல் குனிந்தார். "புக்கிட் தீமா பக்கத்துல ஒரு ஓட்டை இருக்கு பாருங்க, பூச்சி அரிச்ச ஓட்டை. பழசா இல்லாமலா பூச்சி அரிக்கும்? அப்பா எல்லாருக்கும் அதைத்தான் காட்டுவாரு."

"அதுல விரலை வச்சா அடிப்பாரு" என்றார் மல்லிகா, என்னைப் பார்த்து. "பெருசாயிடும், தொடாதேன்னு திட்டுவாரு. நான் சேர் போட்டு ஏறித் தொடுவேன். மாட்டிக்குவேன்."

"மாட்டிவிட்டது யாருன்னு நினைக்கிறே?" என்று அண்ணன் வாய்க்குள் சொல்லிக்கொண்டார். தங்கைக்குக் கேட்டுவிட்டது. ஒரு கணம் இரண்டு பேர் முகமும் இளகியது. உடனே ஞாபகம் வந்து விறைத்துக்கொண்டார்கள்.

நான் அந்த ஓட்டையை லென்ஸில் பார்த்தேன். அதுவும் புள்ளி.

தேவையானதற்கு மேலேயே லென்ஸுக்குள் குனிந்திருந்தேன். முகத்தை மறைத்துக்கொள்ள அதைவிட நல்ல சாமான் நம் கடையில் இல்லை. நிமிர்ந்தபோது காயத்ரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமான மந்திரத்தைச் சொன்னேன்.

"பார்த்துச் சொல்றேன்."

"இப்பப் பார்த்தீங்களே, அது என்ன?" என்றார் குணசேகரன். "அடுத்த வாரம் கல்யாணம்மா. இன்னும் எப்பப் பார்ப்பீங்க? சரி, விலையே வேண்டாம். நடுவுல மடிப்பு இருக்குல்ல, அதோட வெட்டிடுங்க. ஜூரோங் பக்கம் எனக்கு, தெம்பனிஸ் பக்கம் அவங்களுக்கு. முடிஞ்சது லா."

"வெட்டுங்க!" என்றார் மல்லிகா. "சாங்கியும் என் பக்கம்தான் வரணும்னு சொல்லிடுங்க."

"சாங்கி எப்படியும் அங்கதான் இருக்கு, அதை யாரு தூக்கிட்டுப் போவான்? அதுக்கும் திருட்டுப் பட்டமா?"

"ஒரு தடவை செஞ்சவன்தானே செய்வான்!"

என் மேசைமேல் சிங்கப்பூரைப் பாகப்பிரிவினை செய்துகொண்டிருந்தார்கள். அந்த வரைபடத்தில் ஒரு வீவக அடுக்குமாடி வீடுகூடக் கிடையாது. கிழக்கும் காடு, மேற்கும் சதுப்பு. அதற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம். சிரிப்பு வந்திருக்கும், காயத்ரி மட்டும் அங்கே இல்லாமல் இருந்திருந்தால். அவள் மருதாணி போடாத வெறும் கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"விடுடி" என்றார் மல்லிகா மகளிடம். "உனக்குத் தாய்மாமன் இல்லைன்னு நினைச்சுக்க. இல்லாதவங்க வீட்டுலயெல்லாம் கல்யாணம் நடக்காமலா இருக்கு?"

குணசேகரன் முகத்தில் அந்த நிமிஷம் ஈயாடவில்லை. அதை நான் பார்த்தேன், அதனால்தான் இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள், நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்கு மூன்று வழி இருந்தது. அசல் என்று ஒரு பொய் சொல்லலாம். அப்புறம் விலை சொல்ல வேண்டும், நானே வாங்க வேண்டும், கழிப்பறையில் இரண்டாவது படமும் மாட்ட வேண்டும். அதைவிட மோசம், அசல் என்று தெரிந்தால் விற்க மனசு வராமல் சண்டை இன்னும் ஒரு தலைமுறைக்குப் போகும். இரண்டாவது வழி, அசலாக இருந்தது, லேமினேட் பண்ணிக் கெடுத்துவிட்டீர்கள் என்று சொல்லலாம். சாமர்த்தியமான பதில்தான், என் முதலாளி அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் பழி முழுக்க அண்ணன் தலையில் விடியும், தங்கை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார். மூன்றாவது வழி உண்மை. அதில் அடி விழுவது செத்துப்போன அப்பாவுக்கு. அவர் ஒருவர்தான் கல்யாணத்துக்கு வரப்போவதில்லை. ஆகவே அவரே வாங்கிக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தேன். கேட்கக் கொடூரமாக இருக்கும். வேறு வழி தோன்றவில்லை.

"இது அசல் இல்லீங்க" என்றேன். "நகல். அசலைப் படம் எடுத்து அச்சடிச்சது."

ஜன்னல் பக்கம் போய்ப் படத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். "ஓட்டையைப் பாருங்க. நிஜ ஓட்டையா இருந்தா வெளிச்சம் வரணும். வரல பாருங்க. ஓட்டையையும் அச்சடிச்சிருக்காங்க."

மூன்று பேரும் பார்த்தார்கள். புக்கிட் தீமா பக்கம் கறுப்பாக இருந்தது.

குணசேகரன்தான் முதலில் பேசினார். "அப்போ எங்கப்பா பொய் சொன்னாருங்கறீங்க."

"அப்படிச் சொல்லல. அவருக்கும் தெரியாம இருந்திருக்கும்."

"எங்கப்பாவுக்கா தெரியாது?" மல்லிகா எழுந்தேவிட்டார். "ஆயுசு பூரா கப்பல் ஆபீஸ்ல மேப்போடயே கிடந்தவரு அவரு! அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"லேமினேட் பண்ணா ஓட்டை அடைஞ்சிடும் லா!" என்றார் குணசேகரன். "இதுகூடத் தெரியாம கடை நடத்துறீங்க!"

"அதானே! அண்ணன் எவ்வளவு பத்திரமா பிளாஸ்டிக் போட்டு வச்சிருக்காரு, அதுக்குள்ள வெளிச்சம் எப்படிப் போகும்?"

கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். அதன் வழியாக எதிர்ப்பக்கத்துக் கோப்பிக்கடைப் பலகையைக்கூடப் படித்துவிடலாம், படத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓரத்தில். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் காதில் விழுந்த வார்த்தை மண்டைக்குள் இறங்கியது.

அண்ணன்.

படியேறி வந்ததிலிருந்து 'அவங்க', 'அவன்', 'பாவி'. இப்போதுதான் 'அண்ணன்'. அதுவும் 'வச்சிருக்காரு'. காயத்ரி முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

பிள்ளைகளே, இதற்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதினேன். நிரூபிக்க எனக்கு அரை நிமிஷம் போதும். லென்ஸை அவர்கள் கையில் கொடுத்தால் போதும். அதுவும் வேண்டாம், கழிப்பறைக் கதவைத் திறந்தால் போதும். ஜெயித்திருப்பேன். நீங்களெல்லாம் கட்டாயம் ஜெயித்திருப்பீர்கள், அவ்வளவு படித்திருக்கிறீர்களே.

"அண்ணே, எனக்கு இப்பத்தான் புரியுது" என்றார் மல்லிகா. "மட்டமான பொருள்னு சொல்லிக் குறைச்ச விலைக்கு அடிக்கப் பார்க்குறாங்க."

"உள்ளே வந்ததுமே எனக்குத் தெரியும் மல்லி. முழியைப் பாரு."

என் முழியைச் சொல்கிறார்! எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கடையில் ஒருத்தரையும் நான் ஏமாற்றியது கிடையாது. ஏமாந்திருக்கிறேன், அது வேறு கணக்கு. உடம்பெல்லாம் எரிந்தது, நாக்கு நுனிவரை பதில் வந்துவிட்டது. அவர்கள் முதுகுக்குப் பின்னால் காயத்ரி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, வேண்டாம் ஆன்ட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சரி, எரிகிற தீயில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுவோம் என்று முடிவு செய்தேன்.

"வேணும்னா சும்மா குடுத்துட்டுப் போங்க" என்றேன், எவ்வளவு அலட்சியமாக முடியுமோ அவ்வளவு அலட்சியமாக. "ஈரம் படிஞ்ச சுவரை மறைக்க ஆகும்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர்கள் பேசியதில் பாதியை எழுத முடியாது. மீதியையும் எழுத முடியாது. ஆனால் என்ன ஒற்றுமை! அண்ணன் ஆரம்பிக்கிற வாக்கியத்தைத் தங்கை முடிக்கிறார், தங்கைக்கு மூச்சு வாங்கினால் அண்ணன் தொடர்கிறார். சின்ன வயதில் எத்தனை பேரைச் சேர்ந்து திட்டியிருப்பார்களோ, பழக்கம் விட்டுப்போகவில்லை.

நடுவில் குணசேகரன் தடாலென்று நிறுத்தினார். சர்க்கரை வியாதிக்காரர் போல. "டாய்லெட் எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே உள்பக்கம் நடந்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. கதவைத் திறந்தால் எதிரிலேயே அவருடைய அப்பாவின் சொத்து ஈரச்சுவரில் தொங்குகிறது. அதைப் பார்த்தால் எல்லாம் போச்சு, அண்ணன், தங்கை, மணவறை, மாலை எல்லாம். என் வயதுக்கும் முழங்காலுக்கும் ஒவ்வாத வேகத்தில் ஓடிக் கதவுக்கு முன்னால் நின்றேன்.

"தண்ணி வரலீங்க! பைப்பு உடைஞ்சிருக்கு!"

"ஒரு டாய்லெட் ஒழுங்கா இல்ல, இதுல கடை ஒரு கேடு!" என்றார் மல்லிகா. "வாண்ணே, எதிர்த்தாப்ல கோப்பிக்கடை இருக்கு, அங்க போயிக்கலாம். உனக்குச் சுகர் வேற. சாப்பிட்டியா இல்லையா?"

அவர் படத்தின் ஒரு முனையைப் பிடித்தார். இவர் மறுமுனையைப் பிடித்தார். செங்குத்துப் படியில் அண்ணன் பின்பக்கமாக இறங்கிக்கொண்டே, "பார்த்து, பார்த்து இறங்கு மல்லி, புடவை தடுக்கும்" என்று சொன்னது மேலே கேட்டது.

காயத்ரி மட்டும் வாசலில் நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. "சாரி ஆன்ட்டி. உங்களுக்கு இன்விடேஷன் வைக்கணும்னு கொண்டு வந்தேன். இப்பக் குடுத்தா மாமா என்னைக் கொன்னுடுவாரு."

"போடி முதல்ல" என்றேன். "அவங்க என்னைத் திட்டுறதை நிறுத்துறதுக்குள்ள கல்யாண வேலையைப் பேசி முடி."

ஜன்னலில் நின்று பார்த்தேன். கோப்பிக்கடையில் படத்தை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவ்வப்போது நம் ஜன்னலைக் கையால் காட்டிக் காட்டிப் பேசினார்கள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். நான் கழிப்பறைக்குப் போய் அங்கே தொங்கிய படத்தைக் கழற்றி, சுருட்டி, பரணில் போட்டேன். அதனால்தான் அந்தச் சுவர் இன்று இந்த லட்சணத்தில் இருக்கிறது. வந்த முதல் நாளே புகார் சொன்னீர்களே, காரணம் இதுதான்.

நம் தொழிலில் உண்மையைச் சொல்வது பெரிய காரியமில்லை, லென்ஸ் இருந்தால் எவரும் சொல்லலாம். சொன்ன பிறகு எப்போது வாயை மூடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குடும்பங்கள் ஒன்று சேர ஒரு பொது எதிரி வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்கு ஆள் தேவைப்பட்டால் போங்கள். சம்பளம் கிடையாது.

கடைசியாக ஒரு விஷயம். கடையின் இணையப் பக்கம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. அதில் எனக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து ஒருவர் எழுதியதைப் பார்த்துவிட்டு, கடை மதிப்பெண்ணை இது கெடுக்கிறது, நீக்கச் சொல்லி எழுதலாமா என்று போன வாரம் கேட்டீர்கள். நீங்கள் மேலோட்டமாகத்தான் படித்திருப்பீர்கள் போல. அந்தக் கல்யாணம் முடிந்து சில நாள் கழித்து மல்லிகா எழுதியது அது. முழுதாக இங்கே தருகிறேன்:

"நானும் என் அண்ணனும் இந்தக் கடைக்குப் போயிருந்தோம். அந்தம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. மரியாதையும் இல்லை. எங்கள் அப்பாவின் படத்தை நகல் என்று சொன்னார். என் மகள் திருமணத்தில் மண்டப வாசலில் என் அண்ணன் தன் கையால் அந்தப் படத்தை வைத்தார். வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இப்போது ஆறு மாதம் அண்ணன் வீட்டில், ஆறு மாதம் எங்கள் வீட்டில் என்று மாட்டுகிறோம். யாரும் இந்தக் கடைக்குப் போக வேண்டாம் என்று நானும் அண்ணனும் கேட்டுக்கொள்கிறோம்."

அதை முதலில் படித்த அன்று கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து அழுதேன். அத்தனை வருடத் தொழிலில் அதற்கு ஈடாக எதையும் நான் சம்பாதித்ததில்லை. அதன் மேல் யாராவது கை வைத்தீர்களோ, தொலைத்துவிடுவேன்.